கொடிமரத்தால் புகைவிட்ட கப்பலும் கராஜில் வெல்ட் பண்ணும் குழாயும்

டென்மார்க்கையும் தமிழரையும் சேர்த்து வரலாறு கதைக்கத் தொடங்கினால் நாங்கள் எப்போதும் இரண்டு இடங்களில்தான் போய் நிற்போம். ஒன்று, 1620இல் டேனிஷ்காரர் வந்து கோட்டை கட்டிய தரங்கம்பாடி. மற்றது, 1980களில் எங்கள் அம்மா அப்பாக்கள் இங்கே வந்து இறங்கிய கதை. இரண்டும் முக்கியம்தான். ஆனால் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்த நாட்டின் மற்ற வரலாறுகளிலும் பங்கு உண்டு. அப்படி ஒன்றைத்தான் இந்த முறை எடுத்திருக்கிறேன். இது ஒரு குழாயின் வரலாறு.

பழைய டீசல் கோல்ஃப் ஒன்றை மலிவாக வாங்கி, பெரிய டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைப் பூட்டுவதற்கான மனிபோல்டைத் தாங்களே வெட்டி வெல்ட் பண்ணும் பெடியளை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். யூலன்டில் ஹெர்னிங், வைலெ, ஹோல்ஸ்டெப்ரோ பக்கம் சனிக்கிழமை பின்னேரங்களில் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் டர்போவைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் டர்போ காசு கொடுத்தால் கிடைக்கும் சாமான். அந்த டர்போ நன்றாக வேலை செய்யுமா இல்லையா என்பதை முடிவு செய்வது அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற குழாய்கள்.

இதை உலகத்துக்குப் பெரிய அளவில் செய்து காட்டிய நகரங்களில் ஒன்று கோபன்ஹேகன். உங்களில் பலர் சாப்பாட்டுக் கடைகளுக்காகப் போய்வரும் ரெஃப்ஸ்ஹேலயோன் தீவில் ஒரு காலத்தில் கப்பல் கட்டினார்கள். அந்தக் கப்பல்களின் எஞ்சின்களைச் செய்தவர்களின் கதை இது.

முதலில் சொற்கள்

டேனிஷில் எஞ்சினுக்குள் காற்று போகும் பக்கத்தை "இன்ட்சுக்னிங்" என்பார்கள், உள்ளே உறிஞ்சுவது என்று பொருள். புகை வெளியேறும் பக்கம் "உட்ஸ்டோட்னிங்", வெளியே தள்ளுவது. பல சிலிண்டர்களிலிருந்து வரும் குழாய்கள் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு "கிரேன்ரோர்" என்றொரு அழகான சொல்லும் உண்டு. கிரேன் என்றால் மரக்கிளை, ரோர் என்றால் குழாய். தமிழில் அப்படியே கிளைக்குழாய். மனிபோல்ட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு 1.9 லீற்றர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றும்போது, டர்போ இல்லாமலே ஏறத்தாழ 2850 லீற்றர் காற்றை உள்ளே இழுக்கிறது. டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் அதை எரிக்கக் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் எரியாத டீசல் கரும்புகையாக வெளியே போகும். ஆகவே டீசல் எஞ்சினின் பலம் என்பது அது எவ்வளவு மூச்சு எடுக்கிறது என்பதுதான்.

ஊரில் கொல்லன் உலையில் துருத்தியை மிதித்தால் நெருப்புச் சிவக்கும் அல்லவா? டர்போவும் ஒரு துருத்திதான். ஆனால் இதை யாரும் மிதிப்பதில்லை. வெளியே போகும் சூடான புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது, அதே அச்சின் மறுபக்கத்தில் இருக்கும் சக்கரம் புதுக் காற்றை அமுக்கி உள்ளே அனுப்புகிறது. கார் டர்போக்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேலும் சுற்றும். எரிபொருளிலுள்ள சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. அந்த வீணாகும் பங்கில் கொஞ்சத்தைப் பிடித்துத் திரும்ப உள்ளே கொடுப்பதுதான் டர்போவின் வேலை.

புகைபோக்கி இல்லாத கப்பல்

ருடோல்ஃப் டீசல் தன் எஞ்சினை ஜேர்மனியின் ஔக்ஸ்பேர்க் நகரில் 1897இல் ஓட்டிக் காட்டினார். அடுத்த வருடமே, 1898இல், கோபன்ஹேகனின் பூர்மைஸ்டர் அன்ட் வெய்ன் கொம்பனி டென்மார்க்கில் அந்த எஞ்சினைச் செய்யும் உரிமையை வாங்கிவிட்டது. சுருக்கமாக பி&டபிள்யூ என்று சொல்வார்கள். நீராவி எஞ்சினும் கப்பலும் செய்துகொண்டிருந்த பழைய கொம்பனி அது. புதிய எஞ்சினை விற்கும் நிலைக்குக் கொண்டுவர அவர்களுக்குச் சில வருடங்கள் பிடித்தன. ஐவர் க்னுட்சன் என்ற பொறியியலாளர்தான் அந்த முயற்சியை விடாமல் முன்னால் தள்ளியவர்.

1912 பெப்ரவரி 22 அன்று "செலன்டியா" என்ற கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பேங்கொக் நோக்கிக் கன்னிப் பயணம் புறப்பட்டது. சொந்தக்காரர் டேனிஷ் கிழக்காசியக் கொம்பனி. உள்ளே இருந்தவை தலா 1250 குதிரைவலு கொண்ட, எட்டு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இரண்டு. பெருங்கடல் தாண்டிய பெரிய டீசல் கப்பல்களின் வரலாறு இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். அந்தப் பயணத்தில் லண்டனில் நின்றபோது, அப்போது பிரித்தானியக் கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் நேரில் வந்து பார்த்தார்.

செலன்டியாவின் பழைய படத்தைத் தேடிப் பாருங்கள். ஒன்று குறைவது போல இருக்கும். அந்தக் காலத்து எல்லாக் கப்பல்களுக்கும் இருந்த புகைபோக்கி இதற்கு இல்லை. எஞ்சினின் புகையை உள்ளீடற்ற பின் கொடிமரத்தின் வழியாக மேலே விட்டுவிட்டார்கள். நிலக்கரி அடுப்புக்கு நெருப்பை இழுக்க உயரமான புகைபோக்கி வேண்டும். டீசல் எஞ்சினில் பிஸ்டனே புகையைத் தள்ளிவிடும், ஒரு குழாய் போதும்.

ஆனால் இன்னொரு விதமாகவும் பாருங்கள். அந்தக் கொடிமரத்தால் போனது புகை மட்டும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய எண்ணெயின் சூடும் அழுத்தமும் சேர்ந்துதான் வானத்துக்குப் போனது. அன்றைக்கு அதை யாரும் பெரிய இழப்பாக எண்ணவில்லை. நிலக்கரிக் கப்பலோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய மிச்சம்.

வீணாவதைக் கணக்குப் பார்த்தவர்

அந்த இழப்பை ஏற்கெனவே ஒருவர் கணக்குப் பார்த்திருந்தார். சுவிஸ் நாட்டின் வின்டர்தூரில் பிறந்த அல்ஃபிரெட் பூக்கி என்ற பொறியியலாளர் 1905இலேயே, புகையால் சுற்றும் சக்கரத்தைக் கொண்டு எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கும் யோசனைக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். ஆனால் அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்கும் உலோகமும் இயந்திரமும் வர 20 வருடங்கள் ஆயின. 1920களின் நடுவில் பால்டிக் கடலில் ஓடிய "புரொய்சன்", "ஹன்சஷ்டட் டன்சிக்" என்ற இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களில் அது பூட்டப்பட்டது. 1750 குதிரைவலு தந்த எஞ்சின்கள் 2500 தரத் தொடங்கின.

எங்கள் குழாய்க் கதைக்கு முக்கியமானது பூக்கி 1925இல் எடுத்த அடுத்த காப்புரிமை. அவர் கவனித்தது இதுதான்: வால்வு திறந்தவுடன் சிலிண்டரிலிருந்து புகை சீராக ஓடுவதில்லை, ஒரு குத்து மாதிரி வெடித்து வெளியேறும். எல்லாச் சிலிண்டர்களையும் ஒரே பெரிய குழாயில் திறந்துவிட்டால் அந்தக் குத்து நீர்த்துப் போய்விடும். அதோடு, ஒரு சிலிண்டரின் குத்து பக்கத்துச் சிலிண்டருக்குள் திரும்பப் புகுந்து அதன் மூச்சையும் அடைக்கும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டின அனுபவம் உள்ள அம்மம்மா, அப்பப்பா யாரிடமும் கேளுங்கள். ஒரே வாய்க்காலில் இரண்டு மடையை ஒரே நேரத்தில் திறந்தால் எந்தப் பாத்திக்கும் ஒழுங்காகத் தண்ணீர் போகாது. முறை வைத்துத்தான் திறக்க வேண்டும். பூக்கியும் அதையே செய்தார். ஒன்றன்பின் ஒன்றாக உடனே வெடிக்கும் சிலிண்டர்களைப் பிரித்து, போதிய இடைவெளி உள்ளவற்றை மட்டும் ஒரு குழாயில் சேர்த்தார். குழாயை ஒடுக்கமாகவும் கட்டையாகவும் வைத்தார். குத்தின் வேகம் குறையாமல் டர்போவைப் போய் அடிக்க வேண்டும் என்பதற்காக.

இன்றைக்கு நான்கு சிலிண்டர் காருக்கு மனிபோல்ட் செய்பவர் 1ஐயும் 4ஐயும் ஒரு குழாயிலும், 2ஐயும் 3ஐயும் இன்னொரு குழாயிலும் சேர்த்தால், அவர் செய்வது 1925இல் எழுதப்பட்ட அதே பாடம். அந்த எஞ்சின் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் எரிகிறது. அடுத்தடுத்து எரியும் இரண்டும் ஒரே குழாயில் வராமல் பார்ப்பதுதான் சூட்சுமம்.

1952: டோர்த்தெ மெர்ஸ்க்

இப்போது டென்மார்க்குக்குத் திரும்புவோம். மேலே சொன்ன ஜேர்மன் கப்பல்களின் எஞ்சின்கள் ஃபோர்-ஸ்ட்ரோக். அதாவது புகையை வெளியே தள்ளுவதற்கென்றே பிஸ்டனுக்கு ஒரு முழு ஏற்றம் இருக்கிறது. பெரிய சரக்குக் கப்பல்கள் விரும்பியதோ டூ-ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எரிப்பு, மெதுவான சுழற்சி, நீண்ட ஆயுள். பி&டபிள்யூ இதில் பெயர் எடுத்த கொம்பனி. 1930களின் தொடக்கத்தில் கோபன்ஹேகனின் எச். சி. எர்ஸ்டெட் மின்நிலையத்துக்கு அவர்கள் செய்து கொடுத்த எட்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் 22,500 குதிரைவலு. ஏறத்தாழ 30 வருடங்களுக்கு அதுதான் உலகின் மிகப் பெரிய டீசல் எஞ்சின்.

ஆனால் டூ-ஸ்ட்ரோக்குக்கு டர்போ பூட்டுவது பெரிய தலையிடி. அதில் புகையைத் தள்ள பிஸ்டனுக்கு நேரம் இல்லை. புதுக் காற்று உள்ளே வந்து பழைய புகையைத் தானே தள்ளி வெளியேற்ற வேண்டும். அப்படியானால் உள்ளே வரும் காற்றின் அழுத்தம் எப்போதும் புகைக் குழாயின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். டர்போவைக் கொண்டுபோய்ப் புகைக் குழாயில் வைத்தால் அது போத்தல் வாயில் தக்கை வைத்த மாதிரி. அதோடு எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, புகை குறைவென்றால் டர்போ சுற்றாது, டர்போ சுற்றாவிட்டால் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் புகையும் இல்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதைதான்.

பி&டபிள்யூவிடம் இதற்கு ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. அவர்களுடைய எஞ்சினில் காற்று சிலிண்டரின் அடியிலுள்ள துளைகளால் வந்து, புகை உச்சியிலுள்ள வால்வால் வெளியேறும். கீழிருந்து மேலே ஒரே திசை. உச்சியில் வால்வு இருப்பதால் அதை எப்போது திறப்பது என்பதைப் பொறியியலாளரே தீர்மானிக்கலாம். கொஞ்சம் முந்தித் திறந்தால் அழுத்தம் நிறைய இருக்கும்போதே குத்து வெளியே போகும். அந்தக் குத்தை ஒடுக்கமான, கட்டையான குழாயால் டர்போவுக்குக் கொடுத்தால் அது மெதுவான ஓட்டத்திலும் சுற்றும். குத்து போய் முடிந்து குழாயில் அழுத்தம் இறங்கியதும் புதுக் காற்று உள்ளே வந்து மிச்சப் புகையைக் கழுவிவிடும். ஆறு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கை மூன்று மூன்றாகப் பிரித்தால், ஒவ்வொரு குழாயிலும் 120 பாகைக்கு ஒரு குத்து வரும். ஒன்றுடன் ஒன்று முட்டாது.

1952இல் ஏ. பி. மொல்லரின் ஓடென்ச கப்பல் தளத்தில் கட்டப்பட்ட "டோர்த்தெ மெர்ஸ்க்" என்ற எண்ணெய்க் கப்பலில் இது நடந்தது. ஆறு சிலிண்டர் பி&டபிள்யூ எஞ்சின், பக்கத்தில் சுவிஸ் பிரவுண் பொவேரியின் டர்போ இரண்டு. டர்போ இல்லாமல் 5530 குதிரைவலு தரக்கூடிய எஞ்சின் 8000 தந்தது. கிட்டத்தட்ட 45 சதவீதம் கூட. டர்போ பூட்டிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோடு கடலில் இறங்கிய முதலாவது கப்பல் இதுதான். கொடிமரத்தால் வானத்துக்குப் போன சக்தியை நாற்பது வருடங்களுக்குப் பிறகு அதே நகரத்துக் கொம்பனி திரும்பப் பிடித்துக்கொண்டது.

எண்ணெய் விலையேறியபோது குழாய் பெருத்தது

கதை அதோடு முடியவில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டென்மார்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்ட வருடம் அது. கப்பல் முதலாளிகளின் கேள்வி மாறிப்போனது. எவ்வளவு பலம் என்று கேட்டவர்கள், ஒரு தொன் எண்ணெயில் எவ்வளவு தூரம் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

டர்போக்களும் அதற்குள் நன்றாக முன்னேறியிருந்தன. சக்கரத்துக்கு ஒரே சீரான ஓட்டம் கிடைத்தால் அது குத்துக்குத்தாக அடிபடுவதைவிடச் சிக்கனமாக வேலை செய்யும். ஆகவே 1970களின் இறுதியில் பி&டபிள்யூ தான் பெயர் எடுத்த முறையையே கைவிட்டது. ஒடுக்கமான தனித்தனிக் குழாய்களுக்குப் பதிலாக, எல்லாச் சிலிண்டர்களும் புகையைக் கொட்டும் ஒரு பெரிய உருளையை வைத்தார்கள். குத்துகள் அதற்குள் அடங்கி, சீரான அழுத்தத்தோடு டர்போவுக்குப் போகும். மெதுவாக ஓடும்போது காற்று போதாது என்ற பழைய பிரச்சினை திரும்பி வரும்தான். அதற்கு மின்சாரத்தில் ஓடும் துணை விசிறிகளை வைத்தார்கள். இன்றைய பெரிய கப்பல்களிலும் இதே ஏற்பாடுதான்.

இதைக் கவனியுங்கள். ஒடுக்கமான குழாய் பிழை, பெரிய உருளை சரி என்று இல்லை. நடுக்கடலில் நாள்கணக்காக ஒரே வேகத்தில் ஓடும் கப்பலுக்கு உருளை சரி. சிவப்பு விளக்கில் நின்று, பச்சையில் பாய்ந்து, மோட்டார்வேயில் ஏறும் காருக்கு ஒடுக்கமான குழாய் சரி. எதற்காக ஓடுகிறது என்று தெரியாமல் குழாயின் அளவைச் சொல்ல முடியாது.

நல்ல எஞ்சின் செய்ததால் மட்டும் ஒரு கொம்பனி தப்பிவிடுவதும் இல்லை. 1980இல் பி&டபிள்யூவின் டீசல் பகுதியை ஜேர்மன் எம்.ஏ.என். வாங்கியது. ரெஃப்ஸ்ஹேலயோனில் இருந்த கப்பல் தளம் 1996இல் வங்குரோத்தாகி மூடப்பட்டது. வெல்டர்களும் பொருத்துநர்களும் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த இடத்தில் இன்று நாங்கள் பியரும் டாக்கோவும் வாங்குகிறோம். எஞ்சின் வடிவமைப்பு மட்டும் கோபன்ஹேகனின் சுட்ஹவ்னில் தொடர்ந்தது. அங்கே வரைந்ததை கொரியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் செய்கிறார்கள். உலகின் பெரிய சரக்குக் கப்பல்களில் மிகப் பெரும்பங்கை ஓட்டுவது அந்தக் குடும்பத்து எஞ்சின்கள்.

கடலிலிருந்து கராஜுக்கு

டர்போ டீசல் கார்களுக்கு வர இன்னும் காலம் எடுத்தது. 1978இல் மெர்சிடிஸ் அமெரிக்காவுக்கென்று 300 எஸ்டி காரை விட்டது, அடுத்த வருடம் பிரான்ஸின் பெஜோ 604 வந்தது. 1989இல் அவுடி 100 டிடிஐ. அதற்குப் பிறகுதான் டிடிஐ என்ற மூன்று எழுத்து எல்லார் வாயிலும் வந்தது. டென்மார்க்கில் 1997இலிருந்து காரின் வருடாந்த வரி எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடப்பட்டதால், குறைவாகக் குடிக்கும் டீசல் காருக்கு மதிப்புக் கூடியது. புதுக் காருக்கான பதிவு வரியோ கார் விலையையே தூக்கிச் சாப்பிடும். அதனால் பழைய காரைத் திருத்தி ஓட்டுவதும், அதிலேயே இன்னும் கொஞ்சம் பலம் எடுக்கப் பார்ப்பதும் இங்கே இயல்பாக வளர்ந்த பழக்கம்.

தாங்களே மனிபோல்ட் செய்கிறவர்கள் சந்திக்கும் முதல் எதிரி சூடு. பாரம் இழுக்கும்போது டீசல் எஞ்சினின் புகை 700 பாகை செல்சியஸைத் தாண்டலாம். 30 சென்ரிமீற்றர் நீளமான துருப்பிடிக்காத உருக்குக் குழாய் அவ்வளவு சூடானால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் நீளும். ஆனால் அது பூட்டியிருக்கும் எஞ்சின் தலை அவ்வளவு நீளாது, அது தண்ணீரால் குளிர்ந்துகொண்டிருக்கிறது. இழுபறியில் வெல்ட் வெடிக்கும். அதனால்தான் தொழிற்சாலைகள் பெரும்பாலும் தடித்த வார்ப்பிரும்பைப் பாவிக்கின்றன. கையால் செய்பவர்கள் தடித்த சுவர் கொண்ட வளைகுழாய்த் துண்டுகளை எடுத்து, எஞ்சினோடு பொருந்தும் தட்டை 10 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் வெட்டி, டர்போவின் பாரம் முழுக்கக் குழாயில் தொங்காமல் தனித் தாங்கி ஒன்றையும் வைப்பார்கள். வெல்ட் பண்ணும்போது தட்டு வளையாமல் இருக்க அதை ஒரு கனமான இரும்பில் இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் தொடங்குவார்கள். முடிந்ததும் தட்டின் முகத்தை மட்டமாகச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் இடுக்கால் புகை ஒழுகும்.

உள்ளே போகும் பக்கத்தில் சூடு பிரச்சினை இல்லை, பங்கீடுதான் பிரச்சினை. பெரிய பெட்டி ஒன்றைச் செய்து நான்கு குழாய்களை ஒட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். ஆனால் ஒரு முனையால் வேகமாக வரும் காற்று முதல் குழாயைத் தாண்டி ஓடி, கடைசிக் குழாயில் போய் முட்டும். ஒரு சிலிண்டருக்குக் கூட, இன்னொன்றுக்குக் குறைய. குறைந்த சிலிண்டர் கரும்புகை விடும், சூடு கூடும், கடைசியில் அதன் பிஸ்டன் உருகும். சாப்பாட்டு மேசையில் நாலு பிள்ளைகளுக்கும் சமமாகப் பரிமாறுவது போல, பெட்டியின் வடிவம் காற்றைச் சமமாகப் பரிமாற வேண்டும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு குழாய்

டென்மார்க்கின் பழைய பண்ணைகளில் சிறிய சாம்பல் நிற ஃபெர்குசன் உழவு இயந்திரம் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். 1949இலிருந்து அதில் மலிவான மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் ஒரு மாதிரியும் இருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி இலகுவில் ஆவியாகாது. அதனால் அந்த மாதிரியில் புகைக் குழாயின் சூடு காற்றுக் குழாயைச் சூடாக்கும்படி மனிபோல்டைச் செய்தார்கள். பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்.

இதை வாசிக்கும்போது உங்கள் அப்பா சிரிக்கக்கூடும். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மெஷினும் அப்படித்தான், பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. 1990இல் போர் மறுபடி தொடங்கி, வடக்குக்கு எரிபொருள் போவது தடுக்கப்பட்டபோது அந்தத் தோட்டத்து அறிவுதான் வீதிக்கு வந்தது. பெற்றோல் கிடைக்கவே கிடைக்காது, கிடைத்தால் விலை கேட்க முடியாது. மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைத்தது. ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளை எஞ்சின் மூச்சு எடுக்கும் வாயில் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறும்வரை பொறுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை போகும், கண் எரியும். ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

கோபன்ஹேகனில் பெரிய தொழிற்சாலை, வரைபடம், சோதனைக்கூடம். யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்பனர், ஒரு போத்தல். இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஆட்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த எஞ்சின் எப்படி மூச்சு எடுக்கிறது, அதை நான் எப்படி மாற்றலாம்? முதலாவதற்கு நூதனசாலை இருக்கிறது. இரண்டாவது எங்கள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை எழுதி வைக்க இன்னும் எங்களுக்கு நேரம் இருக்கிறது.

குழாயின் மறு முனை

கடைசியாக, கராஜில் அதிகம் கதைபடாத ஒன்று. எல்லாக் கிளைக்குழாயும் முடிவில் ஒரே குழாயாகிப் பின்பக்கத்தால் வெளியே போகிறது. அந்த முனையில் யார் நிற்கிறார்கள்?

2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. 2023 ஒக்டோபரிலிருந்து கோபன்ஹேகன் போன்ற நகரங்களின் சூழல் வலயங்களுக்குள் துகள் வடிகட்டி இல்லாத டீசல் கார்கள் வரக்கூடாது. டர்போவை மாற்றும்போது வடிகட்டியையும் கழற்றி எறிந்தால் கார் இன்னும் கொஞ்சம் இலகுவாக மூச்சு விடும் என்பது உண்மை. அது சட்டத்துக்கு மாறானது, சூனில் பிடிபட்டால் கார் ஓடாது என்பதும் உண்மை. ஆனால் சட்டத்தை விடுங்கள். கார் விடும் அந்த இலகுவான மூச்சை இழுப்பது, பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் உங்கள் தங்கச்சிதான்.

பூக்கியிலிருந்து பி&டபிள்யூ வரை இந்த வரலாற்றில் திறமைசாலிகள் என்று நாங்கள் சொல்கிறவர்கள் எல்லாரும், வெளியே வீணாகப் போவதைக் குறைத்தவர்கள். கரும்புகை விடும் டர்போ டீசல் பலமான எஞ்சின் இல்லை, மூச்சு முட்டும் எஞ்சின். நன்றாகச் செய்த மனிபோல்டின் அடையாளம் புகை தெரியாமல் இருப்பதுதான்.

கோபன்ஹேகன் சுட்ஹவ்னில் அந்த 22,500 குதிரைவலு எஞ்சின் இன்னும் நிற்கிறது. இப்போது அது "டீசல்ஹவுஸ்" என்ற நூதனசாலை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியும் காட்டுகிறார்கள், போகுமுன் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கும்போது, 1990களில் ஊரில் மோட்டார் சைக்கிளை எதில் ஓட்டினீர்கள், எப்படி ஸ்டார்ட் பண்ணினீர்கள் என்று கேளுங்கள். பதில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. ஃபோனில் பதிவு செய்து வையுங்கள்.